மேசைக்குக் கீழே முதல் நாள்

அன்புத் தங்கச்சி ராணிக்கு,

உன் மகள் இன்று பள்ளிக்கூடம் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருக்க வேண்டியவன் நான்.

ஊரில் வேறு பள்ளிக்கூடமே இல்லையா? கண்ணை மூடும் முன், "மதியை எங்கடை பள்ளிக்கூடத்திலைதான் சேர்க்கவேணும் அண்ணை" என்று என் வாயை அடைத்துவிட்டுப் போனாய். எனக்கு வரவேண்டிய அதிபர் நாற்காலியில் அந்த மனிதர் மேலிடத்தில் ஆள் பிடித்து உட்கார்ந்திருக்கிற பள்ளிக்கூடம். அங்கே வாத்தியார் வேலையை விட்ட அன்று, இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். உனக்குத் தெரியாததா?

மாதக்கணக்காக மதியைத் தயார்ப்படுத்தினேன். தண்ணீர்ப் போத்தலைத் தானே திறப்பாள், பெயரை எழுதுவாள், "ஓம் ரீச்சர்" என்பாள். குண்டுபோட பொம்மர் விமானம் வரும் சத்தம் கேட்டால் நான் பித்தளைத் தட்டில் அடிப்பேன். அவள் மேசைக்குக் கீழே பாய்ந்து காதைப் பொத்திக்கொள்வாள். எல்லாவற்றிலும் அதில்தான் கெட்டிக்காரி.

காலையில் பள்ளி வாசலில் கையை விட்டேன். அவள் விடவில்லை.

"நீங்கள் உள்ளுக்கு வந்தாத்தான் நானும் வருவன் மாமா."

"மாமாவுக்குக் கால் நோகுது."

"அப்ப வீட்டை போவம்."

என்ன செய்ய? உன் முகம் நினைவுக்கு வந்தது. போனேன்.

வகுப்பில் சுவரோடு ஒட்டி நின்றேன். அங்கே மணியென்று தொங்குவது ஒரு தண்டவாளத் துண்டு. சண்டையால் ரயில்தான் ஓடுவதில்லையே, அதுவாவது உதவட்டும். அதில் ஓங்கி அடித்தார்கள், எங்கள் பித்தளைத் தட்டின் அதே சத்தம். மதி "கீழை! கீழை!" என்று கத்தியபடி பக்கத்துப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே புகுந்தாள். மறுகணம் வகுப்பு முழுவதும் கீழே. ரீச்சரும் கீழே. பழக்கதோசம், நானும் கீழே. கூச்சல் கேட்டு ஓடிவந்த அதிபர், யாரையும் காணாமல் திகைத்து, நான் இருந்த மேசைக்குக் கீழேயே வந்து விழுந்தார்.

மூக்கும் மூக்கும் முட்டாத குறை.

"பொம்மரோ ஐசே?"

"இல்லை. உம்மடை மணி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை, நம்பு. ஆனால் என் வயிறு குலுங்கியதை அவர் பார்த்திருப்பாரோ?

அப்போது மதி தலையை நீட்டினாள். "மாமா, பள்ளிக்கூடம் நல்ல விளையாட்டு. நாளைக்கும் வருவமோ?"

பித்தளைத் தட்டை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன், பொம்மருக்கு இனி விசில்தான். நாளைக்கும் அவளை வகுப்புவரை கொண்டுபோய் விடுவேன், தங்கச்சி. இது வாக்கு. அந்த மனிதருடன் கதைக்கச்சொல்லி மட்டும் கேட்காதே. மேசைக்குக் கீழே சந்தித்தால் பார்க்கலாம்.

உன் மகளின் கையைப் பிடித்தபடி,
உன் பிடிவாதக்கார அண்ணை