மதர் என்று வந்தால்

விருத்தாசலம்
18.10.78, புதன் இரவு

அன்புள்ள அண்ணன் தேவநாதனுக்கு அம்புஜவல்லி எழுதுவது. இங்கே அம்மா சுகமாக இருக்கிறார்கள். அப்பாவும் நானும் சுகம். அம்மாவை முதலில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, கடைசிவரைக்கும் படி. அங்கே குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், இன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நானேதான் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சூளையில் நைட் ஷிப்ட். அம்மா தூங்கிவிட்டார்கள். சமையல்கட்டில் சிம்னி விளக்கைத் திரி இறக்கி வைத்துக்கொண்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா புரண்டு படுத்தால்கூட எனக்குக் கை நின்றுபோகிறது, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இந்த வருஷம் முழுக்க நம் வீட்டில் இத்தாலி சேதிதான் அண்ணா. அப்பா சூளை ஷெட்டிலிருந்து பேப்பர் கொண்டுவருவார்கள், கை காலில் ஒட்டின களிமண்ணைக் கழுவும்போதே உன் ஊரைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா பார் என்பார்கள். பங்குனியில் ஆரம்பித்தது. முன்பு பிரதமராக இருந்தவரின் காரை ரோமில் நடுத்தெருவில் மறித்து, கூட வந்த காவலர் ஐந்து பேரையும் சுட்டுவிட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று படித்தேன். அம்மா உடனே, அது நம்ம தேவநாதன் வேலைக்குப் போற தெருவா என்று கேட்டார்கள். ரோம் வேறு, அண்ணன் டைல்ஸ் கம்பெனி இருக்கிற ஊர் வேறு என்று ஸ்கூல் அட்லஸை விரித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. அம்மா அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வெரலு தூரம்கூட இல்லியேடி, சத்தம் போட்டா கேக்குமே என்றார்கள். அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் அந்த விரல்தான். சித்திரைக் கடைசியில் அவரைக் கொன்று ஒரு காருக்குள் போட்டிருந்த சேதி வந்தது. நான் அதை விட்டுவிட்டு மல்லாட்டை மூட்டை விலையைப் படித்தேன். ஆனால் அப்பா டீக்கடை ரேடியோவில் முன்னமே கேட்டுவிட்டிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். நீ புறப்பட்டுப் போன புதிதில் பேசாமல் இருந்தார்கள் என்று அம்மா எழுதச் சொன்னார்களே, அதே மாதிரி.

பிறகு அந்த ஊர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளை எல்லாம் மூடச் சொல்லிச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று வந்தது. அர்ச்சுனன் மாமா அன்றைக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்தார், அதான் எல்லாம் தெருவுல துப்பாக்கியோட திரியுதுங்க என்றார். ஆனியில் ஜனாதிபதி ராஜினாமா செய்தார். ஆடியில் போப்பாண்டவர் இறந்தார், புதிதாக ஒருவர் வந்தார், அவரும் ஒரே மாசத்தில் இறந்துவிட்டார். அதைப் படித்தபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இதத்தான் ஆடியிலேயே படிச்ச, பழைய பேப்பர வெச்சிக்கிட்டு என்னை ஏமாத்தறியா, புள்ளைக்கு என்னமோ ஆயிடிச்சி, அத மறைக்கத்தான் இப்படிப் படிக்கிற என்றார்கள். தேதியைக் காட்டினேன். அம்மாவுக்குத் தேதி படிக்கத் தெரியாது, என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கிலிருந்து நான் எதைப் படித்தாலும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து புடவை மூட்டை கொண்டுவரும் ரஹ்மத் பீவியம்மா வேறு, எங்க பசங்கள்லாம் துபாய்ல நிம்மதியா இருக்குதுங்க, உம்புள்ளை ஏந்தாயி அந்த ஊருக்குப் போச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

நேற்றுக் காலை ரேடியோவில், புதுப் போப்பாண்டவர் போலந்துக்காரர், நானூறு வருஷத்துக்கு மேலாக இத்தாலிக்காரரே இருந்துவந்த இடத்துக்கு வெளிநாட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். எனக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது. நேற்றும் வந்திருந்த அர்ச்சுனன் மாமா அப்பாவிடம் சொன்னார், பாத்தீங்களா மாமா, சொந்த ஊர்க்காரன் எவனும் அந்த நாற்காலியில ஒக்கார மாட்டேன்னுட்டான், அசலூர்லேருந்து ஆளப் புடிச்சாராங்க, அவனுங்களே பயந்து ஓடற ஊர்ல நம்ம பையனுக்கு என்ன வேலை. அப்பா, தீபாவளிக்கு மறுநாள் தந்தி அடிச்சிடலாம் என்றார்கள். அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம், உடனே புறப்படு என்று. கீழத் தெருவில் தனக்கோடி அண்ணனைப் பம்பாயிலிருந்து அப்படித்தானே வரவழைத்தார்கள், வந்து பார்த்தால் அவர் அம்மா மாவு இடித்துக்கொண்டிருந்தது. நம் அம்மாவிடம் கேட்டபோது, என்னைப் படுக்க வெச்சாத்தான் எம்புள்ளை வருவான்னா நான் படுத்துக்கறேன் என்றார்கள். சிரிக்காமல் சொன்னார்கள் அண்ணா.

தந்தியை எழுதிக்கொடுக்க வேண்டியது நான். நீதான இங்கிலீஷ் படிக்கிற என்றார்கள் அப்பா. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய முடியும்.

மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது, முடித்துக்கொடுத்தால்தான் சர்ட்டிபிகேட், நடுவில் கிளம்பினால் இரண்டு வருஷமும் வீண், என்ன ஆனாலும் அதுவரை என்னைக் கூப்பிடாதீர்கள் என்று ஆவணியில் எழுதியிருந்தாய். நான்தான் அதைப் படித்துக் காட்டினேன். அப்பா, சரி சரி என்றார்கள். இப்போது யாருக்கும் அது ஞாபகம் இல்லை. அதனால் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன், கவனமாகப் படி. அப்பா சொல்லும் தந்தியில் நான் மதர் என்று எழுதுவேன். மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமிடியட்லி, இப்படி வந்தால் அது பொய். நம் வீட்டில் யார் அம்மாவை மதர் என்று கூப்பிட்டோம். நீ பயப்படாமல் வேலைக்குப் போ, லீவு கிடைக்கவில்லை என்று ஒரு கடிதம் போடு. கடவுளே அப்படி ஆகக் கூடாது, ஆனால் நிஜமாகவே ஏதாவது என்றால், அதே இங்கிலீஷ் எழுத்தில் அம்மா என்று எழுதுவேன். தந்தி ஆபீசில் திருத்தச் சொன்னாலும் திருத்த மாட்டேன். அம்மா என்று வந்தால் எதையும் யோசிக்காமல் புறப்பட்டு வந்துவிடு.

நாளைக்கு ஸ்கூல் போகும்போது ஜங்ஷன் வரைக்கும் போய் ஸ்டேஷன் தபால் பெட்டியில் இதைப் போடுவேன், தந்திக்கு முன்னால் உனக்கு வந்துவிடும். தெரு முனைப் பெட்டியில் போட்டால் போஸ்ட்மேன் பக்கிரி என் கையெழுத்தைப் பார்த்து, பாப்பா அண்ணனுக்கு எழுதியிருக்குது போல என்று அப்பாவிடமே சொல்லிவிடுவார். தெரிந்தால் அப்பா அடிக்க மாட்டார்கள். பேச மாட்டார்கள். அது எனக்கு முடியாது அண்ணா. இப்போதே வீட்டில் பேச்சு இல்லை. அப்பா சூளையிலிருந்து வந்தால் தூக்கம், எழுந்தால் சூளை. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால், பேப்பர்ல என்ன போட்டிருக்குது என்பார்கள், என்ன படித்தாய் என்று என்னைக் கேட்பதில்லை. அரைப் பரீட்சைக்குக் கணக்கு ஒன்றும் புரியவில்லை, கேட்க ஆளில்லை. இதை உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

அம்மா எப்போதும் எழுதச் சொல்கிற புத்திகளையும் எழுதிவிடுகிறேன். கூட்டம் கூடுகிற இடத்துக்குப் போகாதே. கட்சிக்காரர்களோடு பேசாதே. சூளைச் சூட்டிலிருந்து நேரே பனியில் இறங்காதே, வேர்வை அடங்கட்டும். காதுக்குத் துணி கட்டு. தீபாவளி அன்றைக்கு அங்கே லீவு இருக்காது, இருந்தாலும் காலையில் எழுந்து தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக் குளி.

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. இது கிடைத்தது என்று பதிலில் ஒரு வார்த்தைகூட எழுதாதே, உன் பதிலை நான்தான் எல்லோருக்கும் முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டும். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி உனக்குத் துணை இருக்கட்டும், தீர்க்காயுசாக இரு. நான் சின்னவள், இதெல்லாம் சொல்லக் கூடாது, அம்மா சொன்னதாக எடுத்துக்கொள்.

மறுபடியும் சொல்கிறேன், மதர் என்றால் வராதே, அம்மா என்றால் வா. எனக்கு நீ வர வேண்டும் போல இருக்கிறதற்கு நான் வார்த்தை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
உன் தங்கை
ஆ. அம்புஜவல்லி
பத்தாம் வகுப்பு