அறுந்த சுவிட்ச் வயர்

அன்புள்ள டீச்சர்,

நேற்று பதுளையில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் காத்திருந்தபோது ஈயம் உருகும் வாடை வந்தது. உடனே உங்கள் ஞாபகம். நீங்கள் காலமாகி மூன்று மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஹாலிஎலவுக்கு மேலே இருந்த நம் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு முதல் கம்பியூட்டர் வந்த வருடம் அது. யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தது. அதன் பொறுப்பைப் பாடசாலை அதிபர் உங்களிடம் கொடுத்தார். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியை. நான் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அங்கேயே ஆசிரியையானவள். யாழ்ப்பாணத்தார் எங்களை மதிக்கமாட்டார்கள் என்று கேட்டே வளர்ந்தவள். நீங்கள் சிரித்தால்கூட, எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன்.

ஒரு திங்கட்கிழமை கம்பியூட்டர் இயங்கவில்லை. பொத்தானை எத்தனை தடவை அமுக்கியும் சத்தமே இல்லை. பாடசாலை விட்ட பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்து, தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். பிறகு உள்ளேயிருந்து சிறியதாக ஒன்றை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, கைப்பைக்குள் போட்டீர்கள்.

எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே அதிபரிடம் போனேன்.

“சேர், அவங்க உள்ளுக்கிருந்து என்னமோ கழட்டிட்டாங்க. நான் பார்த்தேன்.”

ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போதே அவர் உங்களிடம் கேட்டார். “தப்பா நெனைக்காதீங்க டீச்சர். பேக்கைக் கொஞ்சம் தெறந்து காட்டுங்க.”

உங்கள் முகம் கறுத்தது. கைக்குட்டையை மேசையில் விரித்தீர்கள். ஒரு சின்னப் பொத்தான், அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள்.

“பவர் சுவிட்ச் வயர் அறுந்து போச்சு சேர். நேற்றுப் பதுளையிலை குடுத்து ஈயம் வைச்சு ஒட்டுவிச்சனான்.”

முந்தைய நாள் எழுதிய தாளையும் காட்டினீர்கள்; அதில் இருந்தவை மதர்போர்டின் பொடி எழுத்துகள். ஊசிபோல நின்ற கம்பிகளில் எந்த இரண்டு பொத்தானுக்கு உரியவை என்று கடைக்காரரிடம் கேட்டு வட்டம் போட்டிருந்தீர்கள். எல்லோரும் பார்க்க, கம்பியூட்டர் அறைக்குப் போய்ப் பொத்தானைப் பெட்டியின் முன்பக்கத்தில் பொருத்தி, வயரின் முனையை அந்த இரண்டில் செருகி அமுக்கினீர்கள். விசிறி சுழன்றது.

“வயர் எப்படி அறுந்துச்சு?” என்றார் அதிபர்.

“எலியாயிருக்கும் சேர்.”

எல்லோரும் போன பிறகு, ஒரு மஞ்சள் துணிக் கிழிசலை என் கையில் வைத்தீர்கள்.

“இது வயரிலை சிக்கிக் கிடந்தது. தூசி துடைக்கேக்கை பாத்துத் துடையுங்கோ.”

முந்தின வெள்ளிக்கிழமை, தளர்ந்திருந்த தகட்டை நீக்கி மஞ்சள் துணியால் உள்ளே துடைத்தது நான்தான். துணி எதிலோ மாட்டியதும் இழுத்தெடுத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதிபரின் அறைக்குப் பத்தடி தூரம். நான் போகவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் மாற்றலாகிப் போகும்வரை, ஆசிரியர் அறையில் உங்கள் கைப்பை எப்போதும் ஜிப் திறந்தபடியே இருந்தது.

இப்போது நானும் ஓர் அதிபர். சந்தேகம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். போன மாதம் ஓர் ஆசிரியை, விஞ்ஞான அறையில் ஏதோ உடைந்திருப்பதாக இன்னொருவரைப் பற்றிப் புகார் சொல்ல வந்தார். கதவைச் சாத்தச் சொல்லி, முழுவதையும் கேட்டேன்.

பிறகு, “நீங்க அந்த ரூமுக்குக் கடைசியா எப்ப போனீங்க?” என்றேன்.