எக்டமி என்று முடியும் சொற்கள்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி டைப்பிங் அறைக்கு வந்து இன்றோடு பதினோரு வருடம். யாருக்கும் ஞாபகமில்லை, எனக்கே தேதியைப் போடும்போதுதான் உறைத்தது. இன்று முப்பத்தொரு அறிக்கை. டாக்டர்கள் பதிவு செய்துவிட்டுப் போவதைக் காதில் மாட்டிக் கேட்டு, கேட்டதை அடித்து, அடுத்ததுக்குப் போவது. எதிர் மேசைக்காரி இருபத்தெட்டு. அவளுக்கு நான் வைத்த பெயர் காற்புள்ளி. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கித்தான் பேசுவாள்.

எட்டாவது நாளும் ரத்தம் நிற்கவில்லை. நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். கர்ப்பப்பையில் நாலு கட்டி. 27ஆம் தேதி ஆபரேஷன். "கட்டிய எடுத்துடலாம்மா" என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். எடுத்துத் தொலைத்தால் தேவலை.

மார்ச் 6, வியாழன்

பதினேழாவது பதிவு நான்தான்.

பெரிய டாக்டரின் குரல். வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாற்பத்தொரு வயதுப் பெண், இரண்டு பிரசவம்" என்று ஆரம்பித்தார். நோயாளி எண்ணைப் பார்த்தேன். என் எண். சொந்தக் கோப்பு வந்தால் அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. தள்ளவில்லை. விரல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

செய்யவிருக்கும் சிகிச்சை என்ற இடத்தில் இரண்டு சொற்கள். ஒன்று ஹிஸ்டரெக்டமி. இன்னொன்று, இருபக்கம் என்ற குறிப்போடு, சால்பிங்கோ ஊஃபரெக்டமி. இரண்டும் எக்டமி. ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தேன். முற்றுப்புள்ளியும் வைத்தேன். அதற்கப்புறம்தான் கை நின்றது.

முதல் சொல் தெரியும். கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது. ஆனால் என்னிடம் சொன்னது கட்டியை எடுப்பதாகத்தானே? இரண்டாவது சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன், எத்தனை நூறு தடவை அடித்திருக்கிறேன். அர்த்தம்? தெரியாது. பதினோரு வருஷமா தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஒரு நாள் தோணினதும் இல்ல. குங்குமம் சுமந்த கழுதை.

மார்ச் 7, வெள்ளி

அலமாரியில் மருத்துவ அகராதி இருக்கிறது. ஸ்பெல்லிங் பார்க்க மட்டும் நாங்கள் தொடும் புத்தகம். இன்று பக்கத்தின் வலது பாதியையும் படித்தேன்.

எக்டமி என்றால் வெட்டி அகற்றுவது. எதை என்பது முன்னால் வரும். சால்பிங்கோ, கருக்குழாய். ஊஃபர், சினைப்பை. இருபக்கம் என்றால் எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். ஆக, கட்டி, கட்டி குடியிருந்த வீடு, அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் சேர்த்து.

கட்டியை மட்டும் எடுக்க ஒரு சொல் இருக்காதா? அகராதி முதலெழுத்து வரிசையில் போகிறது, எனக்கு வேண்டியதோ வால். எழுத்துப் பிழை பார்க்கிற கம்ப்யூட்டர் பட்டியலில் வாலை மட்டும் கொடுத்துத் தேடினேன். இருநூற்றுச் சொச்சம் சொற்கள் வந்து விழுந்தன. பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு நேரம் முழுக்கப் படித்தேன். அடிநாக்குச் சதைக்கு ஒரு எக்டமி, இரைப்பைக்கு ஒன்று, மண்ணீரலுக்கு ஒன்று. மனுஷ உடம்பில் எடுக்க முடியாத சாமானே இல்லை போலிருக்கிறது.

மூன்றாம் பக்கத்தில் அகப்பட்டது. மயோமெக்டமி. அகராதியில் பார்த்தேன்: தசைக்கட்டிகளை மட்டும் அகற்றிக் கருப்பையை விட்டுவைத்தல்.

இருக்கிறது. என்னிடம் வாயால் சொன்னது இது. தாளில் ஏறியது வேறு.

மார்ச் 8, சனி

வீட்டில் இவரிடம் கேட்டேன். லிஃப்ட் ரிப்பேருக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். மறைக்கவில்லை. நான் ரத்தம் கொடுக்க லேப்புக்குப் போயிருந்தபோது பெரிய டாக்டர் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னாராம், எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று. இவரும் தலையாட்டியிருக்கிறார். எல்லாம் என்றால் எல்லாக் கட்டியும் என்று நினைத்தாராம் பாதி. மீதிப் பாதி —

"ரெண்டு பொண்ணு இருக்கு. இனிமே எதுக்கு அது?"

"உங்க மீசைகூடத்தான் ஒன்னுக்கும் ஆகல. தாழ்வாரத்துல யாராவது கேட்டா நான் தலையாட்டிடவா?"

சின்னவள் உள்ளே களுக்கென்று சிரித்துவிட்டாள். இவர் சிரிக்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்த பிறகும்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் பெட்டியோடு வந்துவிட்டாள், என்னைப் பார்த்துக்கொள்ள. ஆபரேஷனுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அவள் அண்ணன்தான், இவர்தான், போன் போட்டு வரவழைத்திருக்க வேண்டும்.

அவள் ஆபீஸில் நாலு பேர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாம். நாலு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்களாம். இருக்கலாம். நான் அவர்களைத் தப்புச் சொல்லவில்லையே. அவர்கள் யோசித்து எடுத்திருந்தால் அது அவர்கள் முடிவு. கடைசியில் நானும் அதையே சொல்லலாம். ஆனா நான்தான் சொல்லணும். என் வயித்தப் பத்தி எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியாம — இது என்ன நியாயம்?

"படிச்ச டாக்டரவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா அண்ணி?" என்றாள். தெரியாது. அதனால்தான் கேட்கப் போகிறேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

வால்களுக்கென்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஐட்டிஸ் என்றால் அழற்சி. ஓமா என்றால் கட்டி, கேட்க "ஆமா" மாதிரியே இருக்கிறது: கட்டியா, ஆமா. ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பதோடு சரி, எடுப்பதில்லை. ஆட்டமிக்கும் எக்டமிக்கும் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். ஆளுக்கோ ஓர் உறுப்பு வித்தியாசம்.

மார்ச் 12, புதன்

மெமோ. பிரிண்டரில் நான் மறந்துவிட்ட எக்டமிப் பட்டியலின் கடைசிப் பக்கம் ஹெட் கிளார்க் கையில் சிக்கியிருக்கிறது. சொந்தக் கோப்பை அடித்ததும் தெரிந்துவிட்டது. அலுவலகத் தாளை வீணடித்தேன், விதியை மீறினேன், மூன்று நாளில் பதில் தர வேண்டும்.

எல்லார் முன்னாலும் சொன்னார்: "டைப்பிஸ்ட்டுக்கு ஸ்பெல்லிங் போதும். அர்த்தம் டாக்டருங்க பாத்துக்குவாங்க."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த பதிவுக்குப் போனேன். காது மட்டும் கொதித்தது.

மார்ச் 13, வியாழன்

காற்புள்ளி அடித்த டிஸ்சார்ஜ் சுருக்கம் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வந்தது. இடது நெஃப்ரெக்டமி. கீழே, கல்லை எடுத்ததாகவும் இடது சிறுநீரகம் நன்றாக வேலை செய்வதாகவும் இருந்தது. எடுத்துவிட்ட சிறுநீரகம் எப்படி வேலை செய்யும்? போன வாரமாக இருந்தால் ஸ்பெல்லிங் சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். பதிவை மறுபடி கேட்டோம். டாக்டர் சொல்லியிருந்தது நெஃப்ராட்டமி. திறந்து கல்லை எடுத்து மூடியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஆள் நாளைக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால், இந்தத் தாளை நம்பி என்னவெல்லாம் செய்திருப்பார்களோ.

காற்புள்ளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "யார்கிட்டயும், சொல்லாதீங்க, அக்கா" என்றாள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல் மட்டும் போதும்.

மார்ச் 14, வெள்ளி

மெமோவுக்குப் பதில் கொடுத்தேன். சொந்தக் கோப்பை அடித்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். தாள் நாலு, திருப்பி வைத்துவிட்டேன். அர்த்தம் தெரிந்துகொண்டதற்கு வருத்தம் தெரிவிக்க இயலாது. நேற்று அர்த்தம் தெரிந்ததால் ஒருவருடைய சிறுநீரகம் தாளில் தப்பியது, இரண்டு பிரதியும் இணைத்துள்ளேன்.

ஹெட் கிளார்க் படித்தார். மறுபடி படித்தார். மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். அதோடு சரி.

மார்ச் 17, திங்கள்

பெரிய டாக்டரைப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன்.

"எல்லாத்தையும் வீட்டுக்காரர்கிட்ட விளக்கிட்டேனேம்மா."

"வயிறு என்னோடது டாக்டர். எங்கிட்ட சொல்லுங்க."

கோப்பைத் திறந்தார். சினைப்பையில் ஏதாவது நோய் இருக்கிறதா, எங்கள் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்து அதனால் பயமா என்று கேட்டேன். இல்லையாம். என் வயதுக்காரிகளுக்குச் சேர்த்து எடுத்துவிடுவதுதான் வழக்கமாம். அந்த வழக்கத்தை எந்த வயதுக்காரியைக் கேட்டு வைத்தீர்கள் என்றேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசவில்லை, நிதானமாகத்தான் கேட்டேன். பிறகு மயோமெக்டமி செய்ய முடியாதா என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் யாரும்மா உனக்குச் சொன்னது?"

"நீங்கதான் டாக்டர். பதினோரு வருஷமா என் காதுலதான் பேசிட்டு இருக்கீங்க."

எந்த மாடியில் வேலை செய்கிறேன் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அப்புறம் நேராகப் பேசினார், அதை மறுக்கக் கூடாது. அதில் ரத்தம் அதிகம் போகலாம். கட்டி திரும்ப வரலாம். அவர் அதைச் செய்து பல வருடமாகிறது. செய்யத் தெரிந்தவர் இதே ஆஸ்பத்திரியில் இருக்கிறார், புதிதாக வந்த டாக்டரம்மா. சீட்டு எழுதிக் கொடுத்தார்.

27ஆம் தேதியை அடித்துவிட்டார். என் கண் முன்னாலேயே.

மார்ச் 18, செவ்வாய்

நாத்தனார் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா எங்க அண்ணன் தலையிலதான் விடியும்" என்றாள். விடியட்டும். என் தலையிலும்தான் விடியும்.

மார்ச் 20, வியாழன்

டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து, நாலு கட்டியும் எங்கெங்கே என்று புள்ளி வைத்துக் காட்டினார். மூன்று சுலபமாம். ஒன்று ஆழத்தில். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை அவர்.

ரத்தம் கட்டுக்கு அடங்காமல் போனால்? கேட்டதே நான்தான். அப்போது உயிரா கர்ப்பப்பையா என்றால் கர்ப்பப்பை போகும், அதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குவேன் என்றார். சரி என்றேன். கேட்டுவிட்டுச் சொன்ன சரி இது. பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பயத்துக்கு விலாசம் தெரிகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். மாலையில் சம்மதப் படிவம் வந்தது. நர்ஸ் பழக்கதோஷத்தில் பேனாவை இவரிடம் நீட்டினார். இவர் வாங்கி, என்னிடம் கொடுத்தார்.

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். "தேவைப்படும் பிற சிகிச்சைகள்" என்று ஒரு வரி அச்சடித்துக் கிடந்தது. பொத்தாம்பொதுவாக அப்படி விட முடியாது என்றேன். நர்ஸுக்குச் சங்கடம். டாக்டரம்மா வந்து, "உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்" என்று பக்கத்தில் எழுதிச் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். என் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

நர்ஸ் போன பிறகு இவர் தாளை எடுத்து, மயோமெக்டமி என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். விரலால் வாலை மறைத்துக்கொண்டு, "இந்த முன்பாதிக்கு மட்டும் என்ன அர்த்தம்?" என்று கேட்டார். சொன்னேன். "அன்னிக்கு நான் கேட்டிருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இவர் பிடித்த கையை மட்டும் விலக்கிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 12, சனி

எழுத இன்றுதான் முடிகிறது. நாலும் போயிற்று. ஆழத்தில் இருந்தது அடம்பிடித்ததாம், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். மீதியெல்லாம் இருந்த இடத்திலேயே. சிரித்தால் தையல் வலிக்கிறது, சின்னவளை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 26, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். இருபது அறிக்கை. போதும் இன்றைக்கு.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் நாத்தனாரிடமிருந்து போன். மார்ச்சில் போனவள், நான் படுத்திருந்தபோதுகூட அண்ணனிடம் மட்டும்தான் விசாரித்தாள். என்னோடு பேசுவது இப்போதுதான். சாப்பிட்டாச்சா, பெண்கள் எப்படி, மழை உண்டா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். மாதம் தள்ளித் தள்ளி வருகிறதாம், ஒரேயடியாகப் போகிறதாம். டாக்டர் சீட்டில் ஏதோ எழுதி, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். புருஷனிடம் காட்டினாளாம், அவர் போகலாம் என்று மட்டும் சொன்னாராம்.

"நீளமா இருக்கு அண்ணி. எழுத்தெழுத்தா சொல்லவா?"

சொல்லு என்றேன். எச், ஒய், எஸ், டி — அதோடு நிறுத்திவிட்டாள். அந்த முன்பாதியை அவளும் எங்கேயோ கேட்டிருக்கிறாள்.

"கடைசி அஞ்சு எழுத்த மட்டும் சொல்லு."

"எஸ். சி. ஓ. பி. ஒய்."

"ஸ்கோப்பி. மெல்லிசா ஒரு குழாய விட்டு உள்ள பாக்கறது. அதுல எடுக்கணும்னு இல்ல. எடுக்கறதா இருந்தா என்னென்னன்னு முன்னாடியே கேட்டுக்கோ."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "இருங்க அண்ணி, பேனா எடுத்துட்டு வரேன்" என்றாள். "டாக்டர்கிட்ட வேற என்னென்ன கேக்கணும்?"