கையெழுத்து

சேசு மரி சூசை துணை
விழுப்புரம், 11.6.1999

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதுவது. என்னை அம்மா வீட்டில் விட்டு நாற்பது நாள் ஆகிறது. திண்டிவனம் என்ன சீமையிலா இருக்கிறது? ஒரு ஞாயிறு வரக்கூடாதா?

ரிசல்ட் வந்துவிட்டது. ஆண்களுக்குச் சுரக்கும் ஹார்மோன் என் ரத்தத்தில் தாராளமாக ஓடுகிறதாம். அதைப் பிடித்துச் சேதியை உள்ளே சொல்ல வேண்டிய ஏற்பி செல்களில் வேலை செய்யவில்லையாம். கர்ப்பப்பையும் இல்லை. “ஆனா நீ பொம்பளதாம்மா” என்றார் டாக்டரம்மா. வயிற்றுக்குள் இருக்கும் சுரப்பி புற்றாகலாம், எடுத்துவிட வேண்டுமாம். அதற்குப் புருஷன் கையெழுத்து கேட்கிறார்கள். வாருங்கள்.

உங்கள்
இருதயசெல்வி


திண்டிவனம், 20.6.1999

என் செல்விக்கு,

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான்கூட இவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை. கையெழுத்துக்கு என்ன, போடுகிறேன். அதற்கு முன் ஒன்றுவிடாமல் எழுது. உன் அம்மாவுக்கு எப்போதிலிருந்து தெரியும்? நமக்குள் என்ன ஒளிவு? எழுதினால் மனசு லேசாகும். கீழே முழுப்பெயரும் தேதியும் போடு.

அன்பு முத்தங்களுடன்
இன்னாசிராஜ்


விழுப்புரம், 24.6.1999

என் உயிர் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சொல்லிவிடுகிறேன். நான் வயசுக்கே வரவில்லை. ஊர் வாயை மூட, பதினேழு வயதில் அம்மா பொய்யாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். “வாயத் தொறக்காதடி, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் பூடும்” என்றாள். அங்கே நம் வீட்டில் மாசம் மூன்று நாள் தனியாகப் படுத்ததும் நடிப்புதான். மன்னித்துவிடுங்கள்.

மல்லாட்டையை உரித்து வறுத்து, வெல்லப்பாகில் உருண்டை பிடித்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஜெ. இருதயசெல்வி, 24.6.1999


திண்டிவனம், 15.7.1999

செல்விக்கு,

நம் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு மறைமாவட்டத்தில் மனு கொடுத்துவிட்டேன். ஏமாற்றிக் கட்டிவைத்ததற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. “அவளே எழுதிக் குடுத்துக்கீறாளே, அப்புறம் இன்னா?” என்றாள் அம்மா. வானூரில் பெண் பார்த்திருக்கிறோம். உருண்டை நன்றாக இருந்தது.

இனி எழுதாதே.

இன்னாசிராஜ்


விழுப்புரம், 2.8.1999

அத்தானுக்கு,

பாவி! வேண்டாம் என்றால் போயிருப்பேனே. கொஞ்சிக் கொஞ்சி எழுதவைத்து வாங்கினீர்களே, நீங்கள் நல்லா இருப்பீர்களா?

வேண்டாம், சாபம் விடவில்லை. ஸ்கேனில் கட்டி தெரிகிறதாம். தீர்ப்பு வரும்வரை நீங்கள்தான் புருஷன் என்று ஆஸ்பத்திரியில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். படிவம் உள்ளே இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஒரு கையெழுத்து. அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டேன்.

செல்வி


(உறையின் மேல், தபால்காரர் கையெழுத்தில்)
வாங்க மறுத்தார். அனுப்பியவருக்கே திருப்பவும். 5.8.99