‘சார்’ ‘எலே’ ஆன வெள்ளிக்கிழமை

பாறசாலை
15-11-1998, ஞாயிறு

அன்பு மகள் ஆதிராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே உடம்பு அளவில் எங்கள் இருவருக்கும் குறையொன்றும் இல்லை, அம்மாவின் முட்டுவலி மட்டும் மழை விடுகிற வரை இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனசுக்குத்தான் எனக்குச் சுகமில்லை. பம்பாயில் நீ உடம்பாலும் மனசாலும் சுகமாக இருக்க செங்கல் மகேஸ்வரம் கோயில் அம்மையும் அப்பனும் துணையிருக்கட்டும். இந்தக் கடிதத்தை வாசலில் நின்றபடி படிக்காதே மக்கா, உள்ளே போய் உட்கார்ந்து படி. அப்பா ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். இன்று காலை உனக்கு ஒரு போன் வந்து யாரும் பேசாமல் கட் ஆனதல்லவா, அது நான்தான். எஸ்டிடி பூத்தில் பின்னால் நாலு பேர் நின்றார்கள், நீ ஹலோ ஹலோ என்றாய், நான் வைத்துவிட்டேன்.

உன் போன மாதக் கடிதம் வந்த நாளிலிருந்தே எனக்குத் தூக்கம் சரியில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டேன் என்று முதல் பக்கத்தில் எழுதுகிறாய், அடுத்த பக்கத்தில் அதே கம்பெனிக்கு வேலை செய்கிறேன் என்று எழுதுகிறாய். மூன்று தடவை படித்தேன். வேறு இரண்டு கம்பெனிக்கும் சேர்த்துச் செய்கிறேன், இனி நான் யாருக்கும் ஸ்டாப் இல்லை, என் அறையில் என் கம்ப்யூட்டரில் என் நேரத்துக்குச் செய்து கொடுப்பேன், நவம்பர் 23ஆம் தேதி பழைய கம்பெனியோடு உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் பேசப் போகிறேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். நான் என்ன நினைத்தேன் என்றால், இவளை அனுப்பிவிட்டார்கள், நம்மிடம் சொல்லக் கூச்சப்பட்டு இப்படிச் சுற்றிவளைத்து எழுதுகிறாள் என்றுதான். ஆரியங்கோட்டில் ரப்பர் பால் கம்பெனி ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறவன் நான், வேலையை ஸ்திரமாக்கி ஆர்டர் கையில் வாங்க ஆறு வருடம் முதலாளி வாசலில் நின்றவன். அதை ஒருத்தி தானாக விட்டுவிட்டு வருவாள் என்று என் புத்திக்கு ஏறவில்லை.

அதனால் போன திங்கட்கிழமை உன்னிடம் கேட்காமல், அம்மாவிடமும் சொல்லாமல், ஜங்ஷனில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிற ஆனந்தபாயிடம் போய் இங்கிலீஷில் ஒரு கடிதம் அடித்து வாங்கி, உன் பழைய சம்பள ரசீதில் இருந்த விலாசத்துக்கு, மேனேஜர் அவர்களுக்கு என்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகள் அடக்கமானவள், எதிர்த்துப் பேச மாட்டாள், எந்த வேலை கொடுத்தாலும் எந்த நேரமும் செய்வாள், அவளுக்கு வேறு கதி இல்லை, உங்கள் கருணையில்தான் அவள் ஜீவிதம், தெரியாமல் செய்ததை மன்னித்து மறுபடி ஸ்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு தகப்பனாகக் காலில் விழுந்து கேட்கிறேன். ஆனந்தபாய் வாசித்துக் காட்டியபோது நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றியது மகளே. அந்தப் பெண்ணுக்கே கண் கலங்கியது, அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் கம்பெனியிலும் போன வருடம் கம்ப்யூட்டர் வாங்கினது உனக்குத் தெரியும். பால் எவ்வளவு வந்தது, எத்தனை பீப்பாய் போனது என்கிற கணக்கையெல்லாம் அதில் ஏற்ற காட்டாக்கடையிலிருந்து விஜயதாஸ் என்று ஒருவர் வருகிறார், முப்பது வயது இருக்கும். அவரும் உன்னைப்போல யாருக்கும் ஸ்டாப் இல்லை. முதல் நாளே இரண்டு பக்கத்தில் ஒரு பேப்பர் எழுதி எங்கள் முதலாளி கிருஷ்ணன்குட்டியிடம் கையெழுத்து வாங்கினார். என்ன செய்து கொடுப்பேன், எந்தத் தேதிக்குள், சந்தேகம் வந்தால் இங்கே யாரிடம் கேட்பேன், எது என் வேலை இல்லை, செவ்வாயும் வெள்ளியும்தான் வருவேன், எல்லாம் அதில் உண்டு. முதலாளி முணுமுணுத்தாலும் ஒப்புப் போட்டார். அன்று முதல் விஜயதாஸ் சார் என்றுதான் கூப்பிடுவார், தன் அறையிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தார், சாயா வந்தால் முதலில் அவருக்குத்தான். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு. இருபத்திரண்டு வருடத்தில் முதலாளி வாயிலிருந்து நான் கேட்காத சார் ஆக்கும் அது.

இந்த வியாழக்கிழமை விஜயதாசின் அப்பா நேசையன் ஒரு ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். ரப்பர் வெட்டுக்காரர், நல்ல மனுஷன். தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலாளி முன்னால் நின்று, முதலாளி, என் பயலுக்கு இங்க ஸ்திரமா ஒரு வேலை போட்டுக் குடுக்கணும், அவன் சொன்னா சொன்னபடி கேப்பான், எந்த வேலைன்னாலும் செய்வான், அவனுக்கு வேற கதி இல்ல என்றார். நான் ஸ்டோர் ரிஜிஸ்டரோடு பக்கத்தில் நிற்கிறேன். திங்கட்கிழமை நான் சொல்லச் சொல்ல ஆனந்தபாய் அடித்த வாக்கியமெல்லாம் இந்த மனுஷன் வாயிலிருந்து ஒன்றுவிடாமல் வருகிறது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, இரக்கமும் இல்லை, அட இவ்வளவுதானா என்கிற ஒரு சிரிப்பு. குலையை உள்ளே வைக்கச் சொல்லி நேசையனை அனுப்பிவிட்டார்.

மறுநாள் வெள்ளி, விஜயதாஸ் வழக்கம்போல வந்தார். அவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, முதலாளி அறையிலிருந்தே, எலே விஜயதாஸே, இனி எல்லா தெவசமும் ஒம்பதுக்கு வந்து மஸ்டர்ல ஒப்புப் போடணும், கம்ப்யூட்டர் வேலை இல்லாத நேரம் லாரியில ஏத்துற பீப்பாயும் எண்ணணும் என்றார். அந்த ஒரு எலே, மகளே, என் கன்னத்தில் அடித்ததுபோல இருந்தது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் சார், வெள்ளிக்கிழமை எலே. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று, ஒரு அப்பன் வந்து கெஞ்சினான். விஜயதாசுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்க்கிறார். ஒனக்க அப்பன் வந்து சொல்லிட்டுப் போனான் என்று முதலாளியே சொன்னார். விஜயதாஸ் சத்தம் போடவில்லை. பேப்பரில் எழுதியிருந்தது எல்லாவற்றையும் அன்று சாயங்காலத்துக்குள் முடித்து, பிளாப்பியும் எழுதின நோட்டும் என் கையில் தந்து, இனி அடுத்த பேப்பர் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் பஸ் ஸ்டாப் வரை கூடவே போனேன். சார், இத்தற நாளும் அவங்களுக்கு வேலை வேணும், எனக்கு வேலை தெரியும், அதனால ரெண்டு பேரும் மொகத்தோட மொகம் பாத்துப் பேசினோம், அப்பன் வந்து கேட்டதோட நான் யாசிக்குறவனா ஆயாச்சு என்றார். அப்புறம், அப்பனெ என்ன சொல்ல, சினேகத்துலதான் செஞ்சாரு என்றார். நானும் இதையே செய்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பஸ் வந்தது, போய்விட்டார்.

திரும்பி வந்து முதலாளியிடம் பேசினேன். அவர் கேட்காமல் நானாகப் பேசினது இதுதான் முதல் தடவை. நமக்கு ஆள் வேண்டியதில்லை முதலாளி, அந்த வேலைதான் வேணும், அவர் வேலையை வாங்கணும், அவரை வாங்க நினைத்தது தப்பு, பேப்பரில் இருந்ததை மட்டும் கேட்டிருந்தால் அடுத்த வருடமும் வந்திருப்பார் என்றேன். அந்த நிமிஷம்தான் நீ எழுதின இரண்டு பக்கமும் எனக்கு முழுசாகப் புரிந்தது. இவ்வளவு தாமதமாகப் புரிந்ததே என்று என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. சனிக்கிழமை போஸ்ட் ஆபீசில் விசாரித்தேன், என் ரிஜிஸ்டர் தபால் பம்பாயில் சேர்ந்திருக்கும் என்றுவிட்டார்கள்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிள்ளைக்கு இருபத்தெட்டு வயசு ஆச்சு, நீங்க இப்பவும் ஸ்கூலுக்கு லீவு லெட்டர் எழுதுகேளா என்று கேட்டாள். அதற்குமேல் இதுவரை என்னிடம் பேசவில்லை, நீ பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் செய்து, அவளைக் கூப்பிட்டு என்னிடம் பேசச் சொல்ல வேண்டும்.

23ஆம் தேதி நீ உள்ளே போகும்போது மேஜைமேல் என் கடிதம் கிடக்கும். அவர்கள் சிரிக்கலாம், மற்ற கம்பெனிகளை விட்டுவிடு என்று சொல்லலாம், நேரத்துக்கு வா என்று சொல்லலாம். அது என்னால் வந்தது, உன்னால் வந்ததல்ல. இது தெரியாமல் நீ அந்த அறைக்குள் போகக்கூடாது என்றுதான் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கூடவே அந்த மேனேஜருக்கு இன்னொரு கடிதமும் வைத்திருக்கிறேன், ஆனந்தபாயிடம் போகவில்லை, என் கையெழுத்தில் என் இங்கிலீஷில் இரண்டே வரி. முந்தைய கடிதத்தை எழுத எனக்கு அதிகாரம் இல்லை, என் மகளின் வேலையைப் பற்றி என் மகளிடம் பேசவும். அவ்வளவுதான். கவரை ஒட்டவில்லை. கொடுப்பதா கிழிப்பதா என்று நீ தீர்மானி, எனக்குச் சொல்லக்கூட வேண்டாம். தொடக்கத்தில் தயவுசெய்து என்று எழுதியிருந்தேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு அந்த வார்த்தையின்மேல் விரலை வைத்தாள், அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது, தெரியட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எடுத்துக்கொண்ட வேலையெல்லாம் நன்றாக முடிந்து நீண்ட ஆயுளோடு இருக்க ஆசீர்வதிக்கிறேன். 23ஆம் தேதியை மறக்காதே என்று எழுத வந்தேன், அதை எனக்குச் சொன்னதே நீதான்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் உனக்காக இனி யாரிடமும் கேட்காத
உன் அப்பா,
கருணாகரன்