ஆடி மாதக் கடிதத்துக்குப் பதில்

செஞ்சி,
ஆவணி 9, 1964

பூனாவில் இருக்கும் அன்பு மகன் இளையபெருமாளுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பசுவும் கன்றும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் செந்தாமரையும் குழந்தையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நீ எழுதினால்தான் எனக்கு மனம் நிற்கும்.

இந்த எழுத்து யாருடையது என்று யோசிப்பாய். என்னுடையதுதான். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள், ஏழு மாதம் போனேன். இப்போது பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் அனந்தபுரம் பஸ்ஸில் நானே ஏறுகிறேன், வேலை இல்லாத நாளிலும் போய் நின்று எல்லா பஸ்ஸின் போர்டையும் படித்துவிட்டு வருகிறேன். உன் அம்மா சிரிக்கிறாள். இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆகிறது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. படிக்க வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் கம்பியில் குத்தி வைத்திருந்த உன் பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். அடியில் மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதக் கடிதம் இருந்தது. அதைச் சொக்கலிங்கம் செட்டியார் கடையில் வைத்துப் படித்துக் காட்டியபோது மழை, சுகம், வேலை என்று நாலு வரிதான் சொன்னார். நான் படித்தால் ஒரு பக்கம் முழுக்க வெள்ளம். அணை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது, நீ குடியிருந்த வீடு கரைந்தது, மொழி தெரியாத ஒரு வீட்டில் பத்து நாள் உங்கள் மூவருக்கும் ரொட்டி போட்டார்கள், குழாயில் தண்ணீர் நின்றுபோனதும் ரொம்ப நாளாக மூடிக் கிடந்த கிணறுகளைத் தெருக்காரர்கள் சேர்ந்து தூர்வாரினார்கள், சேறு காயும் முன்னே கடை திறந்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், நைனா நான் ஊருக்கே வந்துவிடட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். நான் அழுதுவிட்டேன். உன் அம்மா, மூணு வருஷத்துக்கு முன்னால வத்துன வெள்ளத்துக்கு இப்ப குந்திகினு அழுவுறியே என்றாள், பிறகு அவளும் அழுதாள்.

செட்டியாரிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. உன் சம்சாரம் அப்ப மார்வலியில படுத்துக்கெடந்துது முருகையா, நான் படிச்சிருந்தா அன்னிக்கே புள்ளைய வரச் சொல்லியிருப்ப, எழுந்து நிக்கிற ஊர்ல இருந்து அவனை இன்னாத்துக்குக் கூப்புடணும், அதான் அங்கியே இருன்னு உன் பேர்ல எழுதிட்டேன் என்றார். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, கும்பிடவும் கை வரவில்லை.

மறுநாள் கோட்டைக்குள் போய் உட்கார்ந்தேன். கல்யாண மகால் மாடி மாடியாக அப்படியே நிற்கிறது. களஞ்சியம் நிற்கிறது, ஒரு நெல் இல்லை. அந்தக் காலத்தில் உங்கள் மராட்டிக்காரர்கள்கூட இங்கே வந்து ஆண்டார்களாம், அத்தனை பெரிய ஊராம். ஒரு வெள்ளமும் இதைக் கொண்டுபோகவில்லை, சனம் போனது, இப்போது ஆடு மேய்கிறது. அங்கே பூனாவில் சுவர் விழுந்தது, சனம் போகவில்லை. அப்படியானால் ஊர் என்பது கல்லா, ஆளா? நம் பக்கத்தில் அன்னியன் ஒருவன் நனைந்து வந்து நின்றால் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தானே சோறு போடுவோம்? அங்கே உன்னை ஒன்றும் கேட்கவில்லையே. அந்த ஊரில்தான் நீ லேத் வேலையில் மேஸ்திரி ஆனாய், உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் அணை மறுபடி உடையாது என்று யார் சொல்வார்கள்? யோசிக்க யோசிக்கக் குழம்புகிறது.

சிலேட்டில் முதலில் வா என்றுதான் எழுதினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு அழித்தேன். உன் ஆடி மாதக் கடிதத்துக்கு என் பதில் இது: இரு. செட்டியார் எழுதியதும் இதே சொல்தான், ஆனால் அது அவர் சொன்னது. நீ கேட்டது என்னை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். ஆற்றங்கரையில் வீடு பார்க்காதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். மறக்காதே, இனிமேல் கவரின் மேல் செட்டியார் கடை மேல்பார்வை என்று போடாதே, என் பெயரை மட்டும் போடு.

இப்படிக்கு,
உன் நைனா
முருகையன்