பேசியது பையனுக்காக

வில்லோ ஃபோர்க், மொன்டானா
அக்டோபர் 27

அன்புள்ள மகன் ட்ரெவருக்கு அம்மா எழுதிக்கொண்டது.

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நலமா என்று கேட்கவும் பெரிய ஆவல் இல்லை. நீ நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்பது போனில் உன் குரலைக் கேட்டாலே தெரிகிறது. ஷெல்லிக்கும் குழந்தை ஓவனுக்கும் என் அன்பைச் சொல்.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. ஹீட்டர் பாதி ராத்திரியில் நின்றுபோகிறது. ரிப்பேர்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தேர்தல் முடியட்டும், அப்புறம் வருகிறேன் என்றான். தேர்தலுக்கும் என் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவன் வாசலில் நீ நட்டுவிட்டுப் போன சுரங்கக் கம்பெனியின் தேர்தல் பலகையைப் பார்த்தான். அவன் போனதும் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் சனியன், ஒழுங்காக எரியக்கூட இல்லை. வீடெல்லாம் நாறியதுதான் மிச்சம்.

உன் அப்பாவை அடக்கம் செய்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. ஆனால் நீ கம்பெனிக்கு எடுத்துக்கொடுத்த விளம்பரத்தில் அவரைப் பார்க்காத நாளே இல்லை. டிவியில் செய்திக்கு முன்னால் வருகிறார், வானிலைக்குப் பின்னால் வருகிறார், ஃபுட்பால் நடக்கும்போது கணக்கே கிடையாது. நம் சமையலறையில் நீலச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டு, "கம்பெனி எனக்குச் சோறு போட்டுச்சு. அதோட வாயைக் கட்டாதீங்க. ஓட்டுச் சீட்டுல பன்னிரண்டாம் கேள்விக்கு 'வேண்டாம்'னு போடுங்க" என்கிறார். கடைத்தெரு பாரில் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அவர் 'வேண்டாம்' என்றதும் ஆளுக்கு ஒரு மடக்குக் குடிக்க வேண்டுமாம். "ஹார்லன் வந்துட்டான்டா, ஊத்து" என்று அவர்கள் கத்துவது தெருவரைக்கும் கேட்கிறது. ரொட்டி வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பினேன்.

அந்தக் கேள்வியில் அப்படி என்ன அநியாயம் இருக்கிறது? ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற விஷயத்தில், கம்பெனிகள் ஒரு வரம்புக்கு மேல் பணத்தை இறைக்கக் கூடாது. அவ்வளவுதானே. முன்பு சுரங்கக் கழிவுக் குளத்துக்குக் கரை கட்டச் சொல்லி ஒரு கேள்வி வந்தபோது, கம்பெனி டிவியை மொத்தமாக வளைத்துப்போட்டு அதைத் தோற்கடித்தது. அந்தச் சூடு பட்டுத்தான் அப்பாவின் சிநேகிதன் ஸ்டாங்கோ போன குளிர்காலம் முழுக்கப் போஸ்ட் ஆபீஸ் வாசலில் நின்று இதற்குக் கையெழுத்து சேர்த்தான். முதல் கையெழுத்து உன் அப்பாவுடையது. ஸ்டாங்கோவுக்கு வலி அதிகமாக இருப்பது அதனால்தான்.

நாற்பது வருஷம் உன் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் சுரங்கத்தில் இறங்கியவன் அவன். சவப்பெட்டி தூக்க வா என்று கூப்பிட்டேன். சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஆர்டிஸ், உயிரோட இருந்தப்போ கம்பெனிதானே அவனைத் தூக்கி வெச்சுது. இப்பவும் அதுவே தூக்கட்டும்." ஒருத்தரும் அவனை அதட்டவில்லை. ஆள் குறைந்த இடத்தில் நீ பிடித்தாய். அதற்கு நன்றி. குழி மூடுவதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்குப் போனாயே, அதற்கு இல்லை.

அவர் இறந்த மறுநாள், இளவயதுப் படம் ஒன்று அனுப்பச் சொன்னாய். இறுதிச் சடங்கு அட்டையில் போடத்தான் கேட்கிறாய் என்று நினைத்து, ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டு நிற்பாரே, அதை அனுப்பினேன். அட்டையில் படம் வரவில்லை. அடுத்த வாரம் விளம்பரத்தின் கடைசியில் வந்தது. கீழே பிறந்த வருஷம், இறந்த வருஷம், 'ஹார்லன் கோல்ஸ்டாட் நினைவாக'. பின்னால் பியானோ வேறு. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று பிடுங்குகிறவன்கூட அடுத்தவன் வீட்டில்தான் பிடுங்குவான்.

நிறுத்தச் சொல்லிப் போன் பண்ணினேன். "அம்மா, மத்த எல்லா விளம்பரத்தையும் விட அப்பா வர்றதுதான் நல்லா எடுபடுது. அவர் போனதுக்கப்புறம் இன்னும் ஏறியிருக்கு" என்றாய். இதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. நான்தான் முதலில் போனை வைத்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தபாலில் ஓட்டுச் சீட்டு வந்தபோது அவர் எழுந்து உட்காரும் நிலையில் இல்லை. சீட்டை நான் பிடித்துக்கொண்டேன், வட்டங்களை அவரே பேனாவால் கறுப்பாக்கினார். பன்னிரண்டாம் கேள்விக்கு 'ஆம்' வட்டத்தைக் கோட்டுக்கு வெளியே வழிகிற அளவு கறுப்பாக்கினார். அப்புறம் எதுக்கு டிவியில் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பேசினது பையனுக்காக. போடறது எனக்காக" என்றார். களைப்பாக இருக்கிறது, உறையில் நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று கண்ணை மூடினார். விடியவில்லை அவருக்கு. கவுன்ட்டி ஆபீஸ் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், இறந்தவர் ஓட்டை வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்று. செத்தவர் ஓட்டுப் போடக் கூடாதாம். ஆனால் ஊர் ஊராக ஓட்டுக் கேட்கலாமாம்.

இதை ஸ்டாங்கோவிடம் போய்ச் சொன்னேன். கதவைப் பாதிதான் திறந்தான். "நீ ஒரு தடவை சொல்ற. அவன் தினமும் இருபது தடவை சொல்றான்" என்றான். உள்ளே கூப்பிடவில்லை. சர்ச்சில் லாய்ஸிடம் சொன்னேன்; துக்கத்தில் இப்படியெல்லாம் தோன்றும் என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பேப்பர்காரர்கள் ஆதாரம் கேட்கிறார்கள். விதவை பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

ஆதாரம் உன்னிடம்தான் இருக்கிறது, ட்ரெவர். படம் பிடித்த அன்று நான் அடுப்பு ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆக்ஸிஜன் குழாய் பார்க்க நன்றாக இல்லை என்று அவர் மூக்கிலிருந்து நீயே எடுத்தாய். உதடு நீலம் பாய்ந்ததும் உன்னோடு வந்த பெண் சாயம் பூசினாள். மூன்று தடவை சொல்லவைத்தாய். நாலாவது தடவை மூச்சு முட்டி நிறுத்தியவர் கேமராவைப் பார்த்தே சொன்னார்: "டேய், உன் வேலை நிலைக்கணும்னுதான் இதைச் சொல்றேன். ஓட்டை நான் ஸ்டாங்கோ பக்கம்தான் போடுவேன், பாத்துக்க." எல்லாரும் சிரித்தீர்கள். நீதான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தாய். அப்போதும் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி இனி உன்னைக் கேட்க மாட்டேன். ஓடட்டும். செவ்வாய்க்கிழமை தேர்தலில் கம்பெனி ஜெயிக்கும், உனக்கும் பெயர் கிடைக்கும். அவர் அப்படிச் சொன்ன அந்தப் படத்துண்டை மட்டும் ஸ்டாங்கோவுக்கு அனுப்பு. எனக்கு வேண்டாம், நான் நேரில் கேட்டவள். அவன் நெஞ்சிலும் உன் அப்பாவைக் கொன்ற அதே சுரங்கத் தூசிதான், இந்தக் குளிரைத் தாண்ட மாட்டான் என்கிறார்கள். சிநேகிதன் துரோகி என்று நினைத்துக்கொண்டே அவனும் மண்ணுக்குள் போக வேண்டுமா? அதை அவன் ஊருக்கெல்லாம் காட்டுவான், உன் வேலை போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அனுப்பாவிட்டால் இந்த வருஷம் தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீ வராதே. ஷெல்லியையும் ஓவனையும் மட்டும் அனுப்பு. வான்கோழி செய்து வைக்கிறேன்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஓவன் வளர்ந்து பெரியவனாகி, உன் கடைசிக் காலத்தில் உன் கட்டிலருகே வந்து உட்காரும்போது, அவன் கேமரா இல்லாமல் வெறுங்கையோடு வந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆர்டிஸ்